மெடிக்கல் ஷாப் ஆயின்மென்டுக்கு அடங்காத அரிப்பு

பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் பலருக்கு, 'அந்த இடத்தில்' அரிப்பு என்றால் முதல் டாக்டர் மெடிக்கல் ஷாப்தான். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வரும் வழியில், கூட்டம் குறையும்வரை காத்திருந்து, "படர்தாமரைக்குப் போடற ஆயின்மென்ட் ஒண்ணு குடுங்கண்ணா" என்பார்கள். எந்த இடம் என்று அவரும் கேட்பதில்லை, இவர்களும் சொல்வதில்லை.

பெரும்பாலும் அது பூஞ்சைத் தொற்றாகவோ சர்க்கரையின் விளைவாகவோதான் இருக்கும். பயப்பட வேண்டாம். ஆனால், சில வாரங்கள் தாண்டியும் அரிப்பு போகவில்லை, தோல் வெளுத்துத் திட்டாகத் தெரிகிறது, ஆறாத புண், மரு போன்ற தடிப்பு, ரத்தக் கசிவு இருக்கிறது என்றால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில் வரும் புற்றுநோய் அரிதானது. அரிது என்பதாலேயே யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கர்ப்பப்பை வாய்க்கு எடுக்கும் பாப் ஸ்மியர் டெஸ்டில் இது தெரியாது. மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான் உறுதி சொல்லும். சில நிமிட வேலை.

புற்றுநோய்க்கு முந்தைய நிலை இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, ஹெச்.பி.வி. வைரஸ். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காகப் பெண்பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசி இதற்கும் உதவும். மற்றொன்று, 'லைக்கன் ஸ்கிலிரோசஸ்' என்ற தோல் நோய். மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம். இதற்கு டாக்டர் தருவதும் ஸ்டீராய்டு க்ரீம்தான். கடையில் கேட்டு வாங்கியதிலும் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம். என்ன நோய் என்று தெரிந்து, சொன்ன அளவில், விடாமல் போடுவதில்தான் வித்தியாசம். ஆஸ்திரேலியாவில் இந்த நோயுள்ள 507 பெண்களைக் கவனித்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒழுங்காக மருந்து போட்ட 357 பேரில் ஒருவருக்குக்கூடப் புற்றுநோயோ அதன் முன்நிலையோ வரவில்லை. அரைகுறையாகப் போட்ட 150 பேரில் 7 பேருக்கு வந்தது.

முன்நிலையிலேயே கண்டுபிடித்தால் அந்தத் திட்டை மட்டும் வெட்டி எடுப்பார்கள். சிலருக்கு இமிக்விமோட் என்ற க்ரீமே போதும். புற்றுநோய் ஆகிவிட்டால் கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையோடு அகற்ற வேண்டும். தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அந்த முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். முன்பு எல்லோருக்கும் அவற்றை மொத்தமாக எடுத்தார்கள். இப்போது கட்டி சிறியதாக இருந்தால், முதலில் பரவக்கூடிய முடிச்சை மட்டும் எடுத்துச் சோதிக்க முடிகிறது. பரவியிருந்தால் கதிர்வீச்சும் தேவைப்படலாம்.

சரி, சம்பளம்? இந்த ஊரில் பல பெண்களை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாத கேள்வியே இதுதான். இ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய் விடுப்புக்கு ஆண்டுக்கு 91 நாள்வரை, 70 சதவிகிதச் சம்பளம் உண்டு. புற்றுநோய்க்கு, 2 ஆண்டுகள் வேலையில் இருந்து, அதில் 156 நாளாவது சந்தா கட்டியிருந்தால், 80 சதவிகிதம் 2 ஆண்டுகள்வரை கிடைக்கும். இது தெரியாமலே வேலையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பீஸ் ரேட்டில், கார்டே இல்லாமல் தைப்பவர்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்கள் உட்காரவே சிரமம். பவர் டேபிளில் ஒன்றரை ஷிப்ட் உட்காருவதை உடனே நினைக்கக் கூடாது. சிறுநீர் பக்கவாட்டில் தெறிக்கலாம். முடிச்சுகளை எடுத்திருந்தால் கால் வீங்கும். யானைக்கால் என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்கள், அது இல்லை. இறுக்கமான காலுறை, பிசியோதெரபி, படுக்கும்போது காலை உயர்த்தி வைப்பது உதவும். தாம்பத்தியத்தில் வலியும் தயக்கமும் இருக்கும். அதை டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை. கணவரும் கூடப் போய்க் கேட்பது நல்லது. 'தொற்றிக்கொள்ளுமோ' என்ற பயம் அவருக்கும் இருக்கும். புற்றுநோய் தொற்றாது.

திரும்ப வரக்கூடிய நோய் இது. முதல் சில ஆண்டுகள் சில மாதங்களுக்கு ஒருமுறை செக்கப் தப்பக் கூடாது. இடையில், மாதம் ஒருநாள் ஒரு கைக்கண்ணாடியை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.