நோட்டா? கணினியா? பூமிக்கு எது நல்லது?



"நோட்டில் எழுதினால் மரம் சாகும், கணினியில் எழுதினால் மரம் பிழைக்கும்!" பேச்சுப் போட்டிகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. சொன்னவுடன் கைதட்டலும் கிடைக்கும். ஆனால், இது முழு உண்மைதானா? கணக்குப் போட்டுப் பார்த்தால்தானே தெரியும்? வாருங்கள், பார்ப்போம்.

இந்தக் கேள்வியில் எனக்குக் கூடுதல் அக்கறை உண்டு. நான் வசிப்பது திருத்தங்கல். சிவகாசிக்கு ஒட்டிய ஊர். 2021-ல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. சிவகாசி என்றதும் உங்களுக்குப் பட்டாசுதான் ஞாபகம் வரும். ஆனால், உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர், அப்பாவின் டைரி, உங்கள் பையில் இருக்கும் நோட்டு ஆகியவற்றிலும் பல இந்தப் பகுதியில் தயாரானவையே.

1920-களில் இங்கே தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் ஒட்ட வேண்டுமே! அதற்காக வந்த அச்சுத் தொழில்தான் பிறகு ஆலமரமாக வளர்ந்தது. இன்று எங்கள் பகுதியில் பல வீடுகளில் அடுப்பு எரிவது காகிதத்தை நம்பித்தான். "நோட்டே வேண்டாம்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால், அந்த வீடுகளுக்கு என்ன பதில் சொல்வது? ஆகவே, சரியாகத் தெரிந்துகொண்டு பேசுவோம்.

நோட்டு வந்த வழி

ஆலையிலிருந்து காகிதம் பெரிய பெரிய உருளைகளாக லாரியில் வந்து இறங்கும். ரூலிங் இயந்திரம் அதில் கோடு போடும். தாள்களை எண்ணி, அட்டை வைத்து, பின் அடித்து, மடித்து, ஓரங்களை வெட்டினால் நோட்டு தயார். வெட்டி விழும் துண்டுகளைக்கூட வீணாக்க மாட்டார்கள். எடைக்கு விற்றுவிடுவார்கள், அவை அட்டை ஆலைக்குப் போய் மீண்டும் அட்டையாகும்.

சரி, அந்தக் காகிதம் எதிலிருந்து வந்தது? "காட்டு மரத்திலிருந்து" என்றுதானே நினைக்கிறீர்கள்? நம் மாநிலத்தில் அப்படி இல்லை. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் டி.என்.பி.எல். காகித ஆலை இருக்கிறது. தமிழக அரசு 1979-ல் தொடங்கிய நிறுவனம் இது. சாறு பிழிந்த கரும்புச் சக்கையைக் கூழாக்கிக் காகிதம் செய்வதில் பெயர் பெற்றது. சவுக்கு, தைலமரம் போன்றவற்றையும் ஆலைகள் பயன்படுத்துகின்றன. இவை பெரும்பாலும் விவசாயிகள் பயிர்போல நட்டு வளர்த்து விற்பவை. 1988-ல் வந்த தேசிய வனக் கொள்கையும், ஆலைகள் தங்களுக்குத் தேவையான மரத்தை விவசாயிகளைக் கொண்டு வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றே சொன்னது.

அப்படியானால் நோட்டால் கெடுதலே இல்லையா? இருக்கிறது! ஒரு டன் காகிதம் செய்யப் பல ஆயிரம் லிட்டர் தண்ணீர் வேண்டும். கூழை வெளுக்க ரசாயனம் வேண்டும். உலர்த்த வெப்பம் வேண்டும். கரும்புச் சக்கையிலும் ஒரு கதை உண்டு. சர்க்கரை ஆலைகள் அந்தச் சக்கையைத்தான் தங்கள் கொதிகலனில் எரித்துவந்தன. அதைக் காகிதத்துக்குக் கொடுத்துவிட்டால் எரிக்க எங்கே போவது? சக்கைக்குப் பதிலாகக் காகித ஆலை அவர்களுக்கு நிலக்கரி கொடுத்தது. மரம் பிழைத்தது, ஆனால், நிலக்கரி எரிந்தது. பார்த்தீர்களா! பூமியிடம் எதையும் இலவசமாக வாங்க முடியாது.

கணினி வந்த வழி

கணினியில் எழுதினால் புகை தெரியாது, குப்பை தெரியாது. ஆனால், அது நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

ஒரு மடிக்கணினிக்குள் தாமிரம், அலுமினியம், தங்கம், லித்தியம், கோபால்ட் எல்லாம் உண்டு. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாட்டில் மண்ணைத் தோண்டி எடுத்தது. ஒரு மடிக்கணினியால் மொத்தம் சுமார் 200 முதல் 300 கிலோ வரை கரியமில வாயு உண்டாகிறது என்று தயாரிப்பு நிறுவனங்களே கணக்குச் சொல்கின்றன. அதில் பெரும்பகுதி, நீங்கள் பெட்டியைத் திறந்து பொத்தானை அழுத்தும் முன்பே காற்றில் கலந்துவிடுகிறது!

பழுதான பிறகு? 2022-ல் மட்டும் உலகத்தில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது கால் பங்குக்கும் குறைவு. மீதியில் ஒரு பகுதி குப்பை மேட்டில் கிடக்கிறது. அல்லது தாமிரத்துக்காகக் கம்பிகளை எரிக்கிறார்கள். அந்தப் புகை மிகவும் நச்சானது.

கணக்குப் பார்ப்போமா?

192 பக்க நோட்டு ஒன்றின் எடை சுமார் கால் கிலோ. ஆண்டுக்குப் 10 நோட்டு என்றால் இரண்டரைக் கிலோ காகிதம். ஒரு கிலோ காகிதத்துக்கு எவ்வளவு கரியமில வாயு என்பது ஆலைக்கு ஆலை மாறும். கணக்குக்காக 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆக, ஆண்டுக்கு 5 கிலோ.

இப்போது மடிக்கணினி. 50 வாட் என்றால், 20 மணி நேரத்துக்கு ஒரு யூனிட் மின்சாரம். தினம் ஒரு மணி நேரம், 200 பள்ளி நாட்கள் என்றால் 10 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு. ஆக, 7 கிலோ. எங்களுக்கு அருகே கமுதியில் 2016-ல் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் போன்றவை பெருகப் பெருக இந்த அளவு குறையும்.

ஆனால், கணினியைத் தயாரிக்கும்போதே உண்டான கரியமில வாயுவை மறக்கக் கூடாது. அது 200 கிலோ என்று வைத்தால், 40 ஆண்டு நோட்டுக்குச் சமம்! நான்கே ஆண்டில் கணினியைத் தூக்கி எறிந்தால் ஆண்டுக்கு 50 கிலோ. எட்டு ஆண்டு காப்பாற்றினால் 25 கிலோதான்.

நோட்டை மிச்சப்படுத்துவதற்காகவே புதுக் கணினி வாங்குவது, தலைப்பாகைக்காகத் தறி வாங்கியதுபோல. ஏற்கெனவே இருக்கும் கணினியை நன்றாகப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம். 2011 முதல் தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி, உங்கள் அண்ணனோ அக்காவோ வாங்கியது, பீரோவில் தூங்குகிறதா? பழுது பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

எதற்கு எது?

ஒரே பாடக்குறிப்பு 40 பேருக்குப் போக வேண்டுமா? கணினி நல்லது, 40 நகல் எடுக்க வேண்டாம். நீங்களே படித்து, புரிந்து, கணக்குப் போட்டு, படம் வரைந்து எழுதுவதா? நோட்டு போதும். கணினியில் எழுதி, பிறகு அதையே தாளில் அச்சடித்து எடுப்பதுதான் மோசம். இரண்டு பக்கமும் செலவு!

நோட்டிலும் வீண் உண்டு. ஒரு வகுப்பில் 40 பேர். ஆளுக்கு 6 நோட்டு. ஒவ்வொன்றிலும் கடைசி 30 பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று வைப்போம். 40 x 6 x 30 = 7,200 பக்கம். அதாவது 37 முழு நோட்டுக்கு மேல், ஒரு எழுத்துகூடப் படாமல் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது! அத்தனை தண்ணீரும், அத்தனை பேர் உழைப்பும் அதோடு போகிறது.

எங்கள் காலத்தில் சிலேட்டில் எழுதி, கோவை இலையால் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவோம். ஒரே சிலேட்டில் எத்தனை ஆயிரம் கணக்கு! சின்னச் சின்னக் கணக்குகளுக்கு நீங்களும் சிலேட்டை எடுக்கலாமே?

ஆக, நோட்டும் குற்றவாளி அல்ல. கணினியும் குற்றவாளி அல்ல. பாதி எழுதிய நோட்டும், பாதி ஆயுளில் எறிந்த கணினியும்தான் பூமிக்குப் பாரம். அடுத்த பேச்சுப் போட்டியில் இதைச் சொல்லிப் பாருங்கள்!

செய்து பாருங்கள்

1. போன வருட நோட்டுகளை எடுத்து, எழுதாத பக்கங்களை எண்ணுங்கள். அந்தத் தாள்களைத் தைத்து ஒரு ரஃப் நோட்டு செய்யுங்கள்.

2. வீட்டில் உள்ள கைப்பேசி சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் வைத்த குப்பைத்தொட்டிப் படமும், அதன்மேல் ஒரு பெருக்கல் குறியும் இருக்கிறதா? 'இதைச் சாதாரணக் குப்பையில் போடாதே' என்று பொருள்.

3. பழைய பேட்டரியை நசுக்கவோ எரிக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். பெரியவர்களிடம் கொடுத்து, மின்னணுக் குப்பை வாங்கும் இடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, மின்னணுப் பொருள்களை மறுசுழற்சி செய்ய வைக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது.