வனெஸ்ஸா: ஒரு எழுத்தாளர் வெட்டி ஒட்டிய பெயர்!

வனெஸ்ஸா என்றதும் ஏதோ கிரேக்க தேவதையின் பெயர், இல்லாவிட்டால் பைபிளில் வரும் பெயர் என்றுதானே நினைக்கிறீர்கள்? இரண்டும் இல்லை! 300 ஆண்டுகளுக்கு முன் ஓர் எழுத்தாளர் உட்கார்ந்து உருவாக்கிய பெயர் அது. யார் தெரியுமா? லில்லிபுட் குள்ளர்களைப் படைத்த அதே ஜோனதன் ஸ்விஃப்ட்!

டப்ளின் நகர மேயராக இருந்த டச்சு வணிகர் ஒருவரின் மகள் எஸ்தர் வன்ஹோம்ரி. தன்னைவிட 20 வயது மூத்த ஸ்விஃப்ட் மீது அவருக்குத் தீராத காதல். ஸ்விஃப்ட் என்ன செய்தார்? குடும்பப் பெயரிலிருந்து ‘வன்’ என்பதை வெட்டினார். எஸ்தரைச் செல்லமாகச் சுருக்கி ‘எஸ்ஸா’ ஆக்கினார். இரண்டையும் ஒட்டினார். வனெஸ்ஸா பிறந்துவிட்டாள்!

தன் பெயரையும் அவர் விட்டுவைக்கவில்லை. டப்ளின் தேவாலயம் ஒன்றின் டீன் அவர். டீனுக்கு லத்தீனில் ‘டெகானுஸ்’. முதல் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றிப் பாருங்கள்: காடெனுஸ்! ‘காடெனுஸும் வனெஸ்ஸாவும்’ என்பதுதான் அவர் எழுதிய கவிதையின் தலைப்பு. அது அச்சானது 1726இல், லில்லிபுட் குள்ளர்கள் வரும் கல்லிவர் கதை வெளிவந்த அதே ஆண்டில். அச்சில் அதைப் பார்க்க எஸ்தர் இல்லை, பாவம். 1723இலேயே, 35 வயதில், போய்ச் சேர்ந்துவிட்டார். உயிலில் ஸ்விஃப்ட்டுக்கு ஒரு காசு வைக்கவில்லை! சொத்தில் பாதி யாருக்குப் போனது தெரியுமா? அதிகம் பழக்கமே இல்லாத பார்க்லி என்ற தத்துவஞானிக்கு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம் இருக்கிறதே, அது அவர் பெயரைத் தாங்கிய ஊர்தான்!

கவிதையில் பிறந்த பெயர் நிஜ மனிதர்களுக்கும் வந்தது. நடிகை வனெஸ்ஸா ரெட்கிரேவ் 1937இல் லண்டனில் பிறந்தார். அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு வைக்கும் பெயர்களில் முதல் ஆயிரத்துக்குள் இந்தப் பெயர் நுழைந்தது 1950இல். முதல் நூறுக்குள் வந்தது 1977இல்.

மனிதர்களோடு நின்றதா? 1807இல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் ஒரு வண்ணத்துப்பூச்சிப் பேரினத்துக்கே வனெஸ்ஸா என்று பெயர் வைத்தார். அதில் ஓர் இனத்துக்கு ஆரஞ்சு இறக்கை, கறுத்த நுனி, நுனியில் வெள்ளைப் புள்ளிகள். ஒரு கிராம்கூட எடை இல்லாத அந்தப் பூச்சிகளில் சிலவற்றை 2013 அக்டோபரில் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானா கடற்கரையில் கண்டார்கள். இறக்கையெல்லாம் கிழிந்து, ஓட்டை விழுந்திருந்தது. உடம்பில் ஒட்டியிருந்த மகரந்தத்தைச் சோதித்தால்... மேற்கு ஆப்பிரிக்கச் செடிகளுடையது! அட்லாண்டிக் பெருங்கடலின் மேலே குறைந்தது 4,200 கிலோமீட்டர், இளைப்பாற ஓர் இலைகூட இல்லாமல் பறந்து வந்திருக்கின்றன. எனக்கு இதைப் படித்தபோது மெய்சிலிர்த்துவிட்டது.

இதே பேரினத்தின் இன்னொரு பூச்சி, கருஞ்சிறகில் செந்நிறப் பட்டையோடு நம் நீலகிரியிலேயே பறக்கிறது. அடுத்த முறை ஊட்டி போனால் பூச்செடிகளை நின்று பாருங்கள். கண்ணில் பட்டால் குழந்தைகளிடம் சொல்லுங்கள்: அதன் பெயர் வனெஸ்ஸா.