தனிநபர் கல்வித் திட்டத்தில் உதவித் தொழில்நுட்பம்

அமெரிக்காவில் சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு மாணவருக்கும் தனிநபர் கல்வித் திட்டம் எழுத்து வடிவில் வகுக்கப்படுகிறது. மாணவருக்கு உதவிக் கருவி தேவையா என்பதைத் திட்டக் குழு ஆராய வேண்டும் என்பதை 1997ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் கட்டாயமாக்கியது. பென்சில் பிடிமானம் முதல் பேச்சொலி எழுப்பும் கருவி வரை இதில் அடங்கும். அறுவை சிகிச்சை மூலம் உடலுக்குள் பொருத்தப்படும் கருவிகள் அடங்கா.

திட்டத்தில் 'கணினி வழங்கப்படும்' என்று மட்டும் எழுதினால் போதாது. 'எழுத்தை உரக்க வாசிக்கும் மென்பொருளைச் சமூக அறிவியல் வகுப்பில் மாணவர் பயன்படுத்துவார்' எனக் கருவியின் பணியும் பயன்படும் இடமும் தெளிவாக இருக்க வேண்டும். வணிகப் பெயரை மட்டும் எழுதினால், அக்கருவி சந்தையிலிருந்து மறையும்போது சிக்கல் எழும். ஆசிரியருக்கு யார் பயிற்சி அளிப்பார் என்பதையும் எழுத வேண்டும். இல்லையேல் கருவி அலமாரியிலேயே தங்கிவிடும். கல்விக்குத் தேவை எனக் குழு முடிவு செய்தால், பள்ளி வாங்கிய கருவியை மாணவர் வீட்டிலும் பயன்படுத்தலாம்.