கேமராவும் வில்லையும்

எண்முறை எஸ்.எல்.ஆர். கேமராவில் உடற்பகுதியையும் வில்லையையும் இணைப்பது ‘மவுண்ட்’ என்னும் வளையம். நிக்கான் நிறுவனம் 1959-இல் அமைத்த ‘எஃப்’ மவுண்டே அதன் எண்முறை எஸ்.எல்.ஆர். கேமராக்களிலும் உள்ளது. ஆதலால் பழைய வில்லைகள் பலவும் அவற்றில் பொருந்தும். எனினும், பொருந்தியவை எல்லாம் முழுமையாக இயங்குவதில்லை.

பழைய ‘ஏ.எஃப்.’ வகை வில்லையுள் மோட்டார் இல்லை. உடற்பகுதியிலுள்ள மோட்டாரே அதைச் சுழற்றி உருவத்தைத் தெளிவாக்கும். டி3500 போன்ற எளிய கேமராக்களில் அந்த மோட்டாரும் இல்லை. அப்போது கையால்தான் திருப்ப வேண்டும். நாம் திருப்பி முடிப்பதற்குள் ஓடும் தங்கை மறைந்துவிடுவாள்! மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாமல், தன்னுள் மோட்டார் கொண்ட ‘ஏ.எஃப்.-எஸ்.’ வில்லையா எனப் பாருங்கள்.

டி3500-இன் உணரியும் சிறியது. 50 மி.மீ. வில்லை அதில் 75 மி.மீ. வில்லையின் பார்வைக் கோணத்தையே தரும். சிறிய அறையில் குடும்பம் முழுவதும் அடங்காது. அதற்கு 18 மி.மீ. ஏற்றது.