மிஞ்சிய சோறு: உண்பதா, ஒதுக்குவதா?

பகலுணவு முடிந்துவிட்டது. அடுப்படியில் ஒரு சட்டியில் மீன்குழம்பும், பானையில் அரைவாசிச் சோறும் எஞ்சி நிற்கின்றன. விளக்கு வைக்கும் நேரம் வருகிறது. விளையாடி வந்த பிள்ளை பசி என்கிறது. மூடியைத் திறந்து மணந்து பார்க்கும் இல்லத்தரசியின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகின்றது: இதனைக் கொடுக்கலாமா, கூடாதா? காங்கேசன்துறையில் மட்டுமன்று, தமிழர் வாழும் எவ்விடத்தும் இக்கேள்வி எழாத வீடு இராது.

எமது இல்லத்திலும் ஒரு சித்திரை மாதத்து மாலையில் இக்கேள்வி எழுந்தது. மின்சாரம் காலையிலேயே நின்றுவிட்டது. பகல் பதினொரு மணிக்கு வடித்த சோறு இரவு எட்டு மணிவரை பானையிலேயே கிடந்தது. நாம் தயங்கினோம்.

“மணம் மாறேல்லைப் பிள்ளை. சூடாக்கிக் குடு, ஒண்டும் செய்யாது. சோத்தைக் கொட்டுறது பாவம்” என்றார் மாமி.

அவர் கூற்றை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. 1990ஆம் ஆண்டில் இவ்வூர் மக்கள் வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்தபோது, அவரும் கையிற் குழந்தையுடன் நடந்தவர். நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றவர். போர்க்காலத்தில் குடாநாடு ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றி இருந்தது. குளிர்சாதனப் பெட்டி என்னும் பேச்சுக்கே அன்று இடமில்லை. அக்காலத்தைக் கடந்து வந்த ஒருவருக்கு ஒரு பிடி சோறும் பொன்னன்றோ? ஆதலின் சோற்றைச் சூடாக்கிப் பரிமாறினோம். மூன்று மணி நேரத்துள் சின்னவன் வாந்தி எடுக்கத் தொடங்கினான். வைத்தியசாலையில் இருந்த வைத்தியர், “சோறு மணந்ததா?” என்று கேட்கவில்லை. “எத்தனை மணிக்கு வடித்தீர்கள்?” என்பதே அவர் கேட்ட முதற்கேள்வி. மறுநாள் பிள்ளை தேறிவிட்டான். அந்தக் கேள்வி மட்டும் எம்மை விட்டகலவில்லை.

மூக்கினால் அறிய முடியாதா என்று பலரும் கேட்பர். உணவைப் புளிக்கவும் நாறவும் நூல்விடவும் செய்யும் கிருமிகள் ஒருவகை. மனிதரை நோயில் வீழ்த்தும் கிருமிகள் வேறொருவகை. பின்னவை பெருகிய உணவு பெரும்பாலும் மணத்திலும் நிறத்திலும் சுவையிலும் மாறுவதில்லை. எனவே நாறிய உணவு விலக்கத்தக்கது என்பது உண்மையே. நாறாத உணவு நல்லது என்று கொள்வதே தவறு.

சூடாக்கினால் சரியாகிவிடாதா? இதற்கும் விடை சிறிது சிக்கலானது. அரிசியில் இயல்பாகவே ‘பசிலஸ் சீரியஸ்’ என்னும் பற்றீரியாவின் வித்திகள் இருக்கும். அவை சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கையில் அவை விழித்துப் பெருகி ஒரு நஞ்சினை உண்டாக்குகின்றன. பின்னர் எத்தனை முறை கொதிக்கவைத்தாலும் அந்நஞ்சு அழிவதில்லை. உண்டு அரை மணி முதல் ஆறு மணி நேரத்துள் வாந்தி காண்பது இதனால்தான். கைப்புண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் உணவிற் சேரும் ‘ஸ்ரபிலோகொக்கஸ்’ கிருமியின் நஞ்சும் இவ்வாறே சூட்டுக்கு அஞ்சாதது. சூரை, சூடை போன்ற மீன்கள் பிடிபட்டபின் வெயிலிற் கிடந்தால், அவற்றில் ‘ஹிஸ்டமின்’ என்னும் பொருள் தோன்றும். அதனையும் குழம்பின் கொதிப்பு போக்காது. சுருங்கக் கூறின், நெருப்பு கிருமியைக் கொல்லும். அது விட்டுச் சென்ற நஞ்சை எப்பொழுதும் கொல்லாது.

அவ்வாறாயின் எதனைக் கொண்டு தீர்மானிப்பது? கடிகாரத்தைக் கொண்டுதான். 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பமே கிருமிகளுக்கு உகந்தது. நல்ல வாய்ப்புக் கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும் கிருமிகள் உள. அக்கணக்கில் ஒரு கிருமி ஆறு மணி நேரத்தில் இரண்டு இலட்சத்து அறுபதினாயிரத்தைத் தாண்டிவிடும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவது இதனாலேயே. வெப்பம் 32 பாகையைக் கடக்கும் நாட்களில் ஒரு மணி நேரமே எல்லை என்பர் அமெரிக்க உணவுத்துறையினர். கடற்காற்று வீசினாலும் எமது ஊரின் சித்திரை, வைகாசி வெயிலுக்கு இரண்டாவது கணக்கே பொருந்தும்.

இங்கே வாசகியர் ஒரு தடை எழுப்புவர்: “எங்கள் பாட்டிமார் குளிர்சாதனப் பெட்டியைக் கண்டார்களா? பழஞ்சோறும் பழங்கறியும் உண்டுதானே உரமாக வாழ்ந்தார்கள்?” நியாயமான கேள்வி. அம்மூதாட்டிமாரின் முறைகளை உற்றுநோக்கினால், அவற்றுள் பல அறிவியலோடு முரண்படவில்லை என்பது விளங்கும்.

அவர்கள் வேளைக்கு வேளை அளந்து சமைத்தனர். தேங்காய்ப்பால் சேர்ந்த சொதியையும் பாற்கறியையும் அடுத்த வேளைக்கு வைக்கவில்லை. தேங்காய்ப்பூ சேர்ந்த பிட்டு அன்றே முடிந்தது. மறுநாளுக்கு வைத்தது புளி கூடிய குழம்பையே. அதனையும் மாலையிலும் காலையிலும் கொதிக்கவைத்துச் சுண்டச் செய்தனர். புளிப்பும் உப்பும் கிருமிகளின் வளர்ச்சியைத் தளர்த்துவன. மிஞ்சிய மீன் கருவாடாயிற்று, பனங்கிழங்கு ஒடியலாயிற்று. நீர் வற்றிய பொருளிற் கிருமி எளிதிற் பெருகாது. சோற்றுக்கு இரவிலே தண்ணீர் ஊற்றி வைத்தனர். அந்நீரிற் பெருகும் இலக்டிக் அமிலப் பற்றீரியாக்கள் சோற்றைப் புளிக்கவைத்து, தீய கிருமிகளைப் பெரிதும் அடக்குகின்றன.

ஆயினும் பழஞ்சோறு வேறு, பகல் முழுவதும் பானையில் வெறுமனே கிடந்த சோறு வேறு. நாள் முழுவதும் கிடந்த சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றினால், அதற்குள் தோன்றிய நஞ்சு கரைந்து போய்விடாது. இராச்சோறு ஆறிய உடனே, கொதித்தாறிய நீரை ஊற்றி, மூடிவைத்து, காலையிலேயே உண்டுவிட வேண்டும். வழுவழுப்போ வேறு நாற்றமோ கண்டால் விலக்குக. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், நோயுற்றோர் ஆகியோருக்குப் புதிய சோறே தகும். வீட்டிற் பழங்கறியைத் தாங்கும் வயிறும் உண்டு, தாங்காத வயிறும் உண்டு என்பதை மறத்தல் கூடாது.

இனி நடைமுறைக்கு வருவோம். மிஞ்சும் என்று தெரிந்தால் உண்ணும் முன்னரே வேறாக எடுத்து வையுங்கள். பலர் கைபட்ட மிச்சத்தைச் சேமிக்காதீர்கள். பெரிய பானைச் சோற்றின் நடுப்பாகம் நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆதலின் அகன்ற தட்டுகளிற் பரப்பி விரைவில் ஆறவிடுக. குழம்புச் சட்டியைத் தண்ணீர்த் தட்டத்துள் இருத்துக. இரண்டு மணி நேரத்துள் குளிர்சாதனப் பெட்டியுட் சேர்த்துவிடுக. மீண்டும் எடுக்கும்போது வேண்டிய அளவை மட்டும், நடுப்பகுதியும் ஆவி பறக்கும்படி சூடாக்குக. ஒருமுறை சூடாக்கியதை மறுபடியும் உள்ளே வைத்தல் நன்றன்று.

மின்சாரம் நின்றால் குளிர்சாதனப் பெட்டியைத் திறவாதிருங்கள். மூடியபடி இருந்தால் நான்கு மணி நேரம் வரை குளிர் தங்கும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை எவரும் மறந்திரார். அத்தகைய நாட்களில் பெட்டியை நம்பாது, பாட்டிமாரின் வழியில் வேளைக்கு வேளை சமைப்பதே சிறப்பு. யாழ்தேவியிற் கொழும்புக்குக் கட்டுச்சோறு கொண்டு செல்வோரும் இதனைக் கருதவேண்டும். தேங்காயும் மீனும் முட்டையும் சேர்ந்த பொதியை முதல் வேளையிலேயே உண்டுவிடுக. பிந்திய வேளைக்குப் பாணும் பழமும் போதும்.

தவறி நோய் வந்துவிட்டால் உடலின் நீரிழப்பே முதல் அபாயம். ‘ஜீவனி’ போன்ற கரைசலைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுங்கள். பருகியது தங்காவிட்டாலும், சிறுநீர் குறைந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், பிள்ளை சோர்ந்து தூங்கி வழிந்தாலும் தாமதியாது வைத்தியரிடம் செல்லுங்கள். எப்போது சமைத்தது, எப்போது உண்டது என்பதை மறவாது கூறுங்கள்.

சோற்றைக் கொட்டுவது பாவம் என்ற மாமியின் சொல்லை நாம் இன்றும் மறுப்பதில்லை. ஆனால் அந்தப் பாவம் இரவு எட்டு மணிக்குக் கொட்டும்போது நேர்வதன்று. இரண்டு சுண்டு போதுமான வீட்டில் மூன்று சுண்டு அரிசி உலையிலிடும்போதே நேர்ந்துவிடுகிறது. இப்பொழுது மாமியே சுண்டைக் கையிலெடுத்து, “இண்டைக்கு எத்தினை பேர் சாப்பாட்டுக்கு?” என்று காலையில் கேட்கிறார். எம் வீட்டில் மாலைக் கேள்வி எழுவது அருகிவிட்டது.