மறைந்த ஊரா, மறைத்த ஊரா?

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு சோதனைச் சாவடியைத் தாண்டி மூணாறு சாலையில் ஏறினால் மறையூர். கடைப்பலகையில் மலையாளம், கடைக்குள்ளே தமிழ். ஊர்ப்பெயருக்குக் காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை.

பஞ்சபாண்டவர் வனவாசத்தில் மறைந்திருந்த ஊராம். சாட்சிக்குக் கோவில்கடவுப் பாறைமேல் நிற்கும் முனியறைகளைக் காட்டுகிறார்கள். நாலு பக்கமும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல்; குனிந்தால்தான் உள்ளே பார்க்க முடியும். அவை பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் என்கிறார்கள் தொல்லியலார். மேற்கு மலை மழையை மறைப்பதால் மறையூர் என்பாரும் உண்டு.

இவற்றைவிட, அஞ்சுநாட்டுப் பெரியவர்கள் சொல்வதுதான் மனதுக்குப் பொருந்துகிறது. மதுரைச் சீமையில் ஆட்சி கவிழ்ந்தபோது, உயிருக்கும் மானத்துக்கும் அஞ்சி மலையேறியவர்கள் மறைந்து வாழ்ந்த இடமாம் இது. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்று ஐந்து ஊராகக் குடியமர்ந்ததால் அஞ்சுநாடு. கதையின் திசையும் சரியாகத்தான் இருக்கிறது. கேரளத்தின் பெரும்பாலான ஆறுகள் மேற்கே கடலுக்குப் போக, இங்குள்ள பாம்பாறு கிழக்கே இறங்கி அமராவதியில் கலக்கிறது. 1956-ல் மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது தேவிகுளம் வட்டம் கேரளத்தோடு போயிற்று. வீட்டுப் பேச்சு போகவில்லை.

இத்தனை கதை சுமந்த பெயரை இப்போது கண்டவர்கள் விற்றுப் பிழைக்கிறார்கள். மறையூர் சர்க்கரைக்கு, அதாவது நம் உருண்டை வெல்லத்துக்கு, 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொப்பரையில் காய்ச்சிய பாகை மரத்தொட்டியில் ஊற்றிக் கிளறி, சூடு ஆறுமுன் கையாலேயே உருட்டுகிறார்கள். உருண்டையில் விரல் தடம் பதிந்திருக்கும். சமவெளியில் மலிவாகக் காய்ச்சிய வெல்லமும் இதே பெயரில் சந்தைக்கு வந்துவிடுகிறது. போட்டியில் விலை கட்டாத விவசாயி கரும்பை அழித்துக் கமுகு வைக்கிறார்.

இதே ஊரின் சந்தனக் காட்டுக்கு வேலி உண்டு, இரவும் பகலும் காவல் உண்டு. மரத்தைத் திருடினால் வழக்கு. பெயரைத் திருடினால்? குறியீட்டுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியதோடு கடமை முடிந்ததா? எந்த ஆலையில் காய்ச்சியது என்பதை ஒவ்வொரு பொட்டலத்திலும் அச்சிட வைத்தால் பாதிக் கள்ளம் அடங்கும். மீதியை, வாங்குகிறவர்கள் கேள்வி கேட்டே அடக்கிவிடலாம்.