பிஸ்கட் டின்னில் ஒரு சின்ன வாத்தியம் – விரல் பலகையில்தான் விஷயம் இருக்கிறது

பள்ளி விடுமுறை வந்தால் போதும், லயத்து வாசலில் பிள்ளைகள் வெறும் டின்னில் றப்பர் வளையம் மாட்டி வாத்தியம் செய்வார்கள். சத்தம் வரும், பாட்டு வராது. இரண்டு நாளில் டின் மூலைக்குப் போய்விடும். "எனக்குப் பாட்டு ஏலாது" என்று பிள்ளை தானே முடிவு கட்டிக்கொள்ளும். பிள்ளையின் காதில் ஒரு குறையும் இல்லை. அந்த டின்னில் விரல் வைத்து அழுத்த அளவான பலகை இல்லை, அவ்வளவுதான். ஒரு கிட்டார் வாங்கும் காசு இல்லாத வீட்டிலும் அந்தப் பலகையைச் செய்துவிடலாம்.

உடம்புக்கு 20 சென்ரிமீற்றர் அளவான பிஸ்கட் டின் போதும். பழைய தேயிலைப் பெட்டிப் பலகை வீட்டில் கிடந்தால் அதில் செய்த பெட்டி இன்னும் நல்லது. அந்தப் பெட்டிக்கு ஒரு கதை உண்டு. 1950களில் இங்கிலாந்து இளைஞர்கள் வெறும் தேயிலைப் பெட்டியில் ஒரு தும்புத்தடியையும் ஒரு கயிற்றையும் கட்டி வாசித்தார்கள். பிறகு உலகப் புகழ் பெற்ற ஜோன் லெனனின் முதல் குழுவிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தது.

55 சென்ரிமீற்றர் நீளமான காய்ந்த தடி ஒன்றை டின்னின் இரண்டு பக்கமும் துளைத்துச் செருகுங்கள். தடி மூடிக்கு அரை சென்ரிமீற்றர் கீழே போகவேண்டும். மூடியில் முட்டினால் சத்தம் அடங்கிவிடும். வெட்டிய தகர விளிம்பை அரத்தால் மழுக்காமல் பிள்ளையின் கையில் கொடுக்கவே கூடாது.

இனி பலகை. 22 சென்ரிமீற்றர் நீளம், 6 மில்லிமீற்றர் தடிப்பு, தடியின் அகலம். வயலின் பலகைக்குக் கருங்காலி போடுகிறார்களே என்று யாராவது சொல்வார்கள். உலோகக் கம்பி நாள்தோறும் அழுத்தி உரசினாலும் தேயாமலிருக்கத்தான் அது. நாம் போடப்போவது நைலோன் நூல், அதற்குக் கருங்காலி தேவையே இல்லை. நமது நாட்டில் கருங்காலி பாதுகாக்கப்பட்ட மரம், அனுமதியின்றி வெட்டினால் குற்றம். பலா மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். ஒரு சாண் பலகைக்காகக் காட்டுக்குள் போய் வழக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அல்பீசியா, பைன் இரண்டும் மெது. பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழுந்தால் அந்தப் பலகை வேண்டாம். என்னைக் கேட்டால், உடைந்த கித்துள் உலக்கைதான் முதல் தரம். கறுப்பாக, இரும்பு மாதிரி இருக்கும். ஆனால் அதன் நார் சிலும்பும், அரத்தாளால் நன்றாகத் தேய்த்து எண்ணெய் போடவேண்டும். அது இல்லையென்றால் பழைய கட்டில் சட்டம், கதவுச் சட்டம் எதுவும் சரி. மீள்நடுகைக்காகப் பிடுங்கிய தேயிலைச் செடியின் கட்டையும் நல்ல வைரம்தான். வளைந்திருப்பதால் பலகைக்கு உதவாது, தலைப்பக்கத்து மேருவுக்கும் டின் மேல் நிற்கும் குதிரைக்கும் உதவும். எந்த மரமானாலும் பச்சையாகப் போடாதீர்கள். அடுப்புக்கு மேலே மூன்று மாதமாவது கிடக்கட்டும்.

மெட்டு வைப்பதா, வயலின் போல வெறும் பலகையா? வெறும் பலகையில் விரலை இழுத்து ஒப்பாரி, தாலாட்டு எல்லாம் அழகாக வாசிக்கலாம். ஆனால் கற்கும் பிள்ளைக்கு விரல் நிற்கும் இடம் தெரியாது. முதலில் மெட்டு வைப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

மேருவில் இருந்து குதிரை வரை 36 சென்ரிமீற்றர் வையுங்கள். இந்த அளவில் கணக்கு லேசு. சரி பாதியான 18இல் மேல் ச. மூன்றில் ஒரு பங்கான 12இல் ப. காற்பங்கான 9இல் ம. ஒன்பதில் ஒரு பங்கான 4இல் ரி, அதற்கு ஒரு மயிரிழை முன்னே. மிச்சம், க 7.4, த 14.6, நி 16.9. எல்லாமே மேருவில் இருந்து அளக்க வேண்டும். இந்த ஏழு மெட்டில் சங்கராபரணம் வரும், மோகனத்துப் பாட்டும் வரும்.

மெட்டை உடனே ஒட்டிவிடாதீர்கள். ஒரு மில்லிமீற்றர் தங்கூசியைத் தடியையும் பலகையையும் சேர்த்துச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். காதுக்குச் சரிவரும் வரை நகர்த்தலாம். வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிப்பதும் இப்படித் திருத்துவதற்கு வசதியாகத்தான்.

வாசிக்கவும் தங்கூசிதான். 1.0, 0.8, 0.6 மில்லிமீற்றர் என்று மூன்று நூல், ச, ப, மேல் ச என்று கூட்டுங்கள். மூன்றும் சேர்ந்து எட்டு ஒன்பது கிலோ இழுக்கும், அதனால் தடியில் கணு, வெடிப்பு இருக்கக்கூடாது. பிரடைக்கு வளையத் திருகாணி போதும். நூல் மேருவில் பலகைக்கு 2 மில்லிமீற்றர் மேலே, மேல் ச மெட்டில் 4 மில்லிமீற்றருக்குள் நிற்கட்டும். அதற்கு மேல் போனால் சின்ன விரல் நோகும், சுருதியும் ஏறும்.

குதிரையை ஒட்டவேண்டாம். 18 சென்ரிமீற்றரில் நூலை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டிப் பாருங்கள், பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அழுத்தியது கூடுதலாகக் கேட்டால் குதிரையைக் கொஞ்சம் பின்னே தள்ளுங்கள், குறைவாகக் கேட்டால் முன்னே. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் தென்மேற்கு மழைக் காலத்தில் மரம் ஈரம் குடிக்கும், இதை வாரம் ஒருமுறை பார்க்கவேண்டி வரும்.